லினக்ஸ் டிரைவரில் டிவைஸைப் பதிவு செய்வது: ரேஸ் வராமல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி டிரைவர் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த நோய் பழக்கமானது. மேசையில் போர்டு ஒழுங்காக ஓடும். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கொண்டுபோய்ப் பொருத்தினால், சில நாள் காலையில் பூட் ஆகும்போதே கர்னல் ஊப்ஸ் (கர்னலுக்குள்ளேயே நேர்ந்த பிழையின் செய்தி) அடித்து நிற்கும். கர்னல் செய்தியைப் பார்த்தால் நல் பாயிண்டர், அதுவும் ஓப்பன் ஃபங்ஷனுக்குள். அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். அதனால் பழி பெரும்பாலும் கரண்ட்டின் மேல் விழும், ஸ்டெபிலைசர் மாற்றப்படும், டிரைவரை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

மேசைக்கும் ஆலைக்கும் இரண்டு வித்தியாசங்கள். மேசையில் நீங்கள் பூட் முடிந்த பிறகு, டீ குடித்துவிட்டு வந்து, கையால் டெஸ்ட் புரோகிராமை ஓட்டுகிறீர்கள். ஆலையில் டேட்டா சேகரிக்கும் சர்வீஸ் ஒன்று, டிவைஸ் எப்போது தோன்றும் என்று யூடெவ் (டிவைஸ் வரவைக் கவனித்து விதிகளை ஓட்டும் புரோகிராம்) விதி வழியாகக் காத்துக்கொண்டிருக்கிறது. தோன்றிய கணமே திறந்துவிடும். அதுவும் நான்கு கோர் உள்ள போர்டில். டிவைஸைக் கண்டதும் கர்னல் கூப்பிடும் உங்கள் ப்ரோப் ஃபங்ஷன் ஒரு கோரில் இன்னும் பாதிதான் ஓடியிருக்கும். இப்படி ஒருவரை ஒருவர் முந்துவதால் வரும் பிழைதான் ரேஸ்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்வோம். கூழைச் சூடாக்கும் பாஸ்டரைசரின் வெப்பநிலையை அளக்கும் சிப். ஐ2சி வழியாக இணைந்தது, இண்டரப்ட் கம்பி ஒன்று உண்டு. டிரைவரின் பெயர் கூழ், டெவ் அடைவில் தோன்றும் பெயர் கூழ்0. ஒரே வேலையை இருவர் தனித்தனி சிப்புக்குச் செய்தாலும் அடிபடும் இடம் ஒன்றுதான் என்பதால், சிப்பின் விவரம் இங்கே முக்கியமில்லை.

முதலில்: ஓட்டை எங்கே இருக்கிறது

பயிற்சிப் புத்தகங்களில் ப்ரோப் பெரும்பாலும் இந்த வரிசையில் இருக்கும்: நினைவகம் ஒதுக்கு, சிடெவ்_ஆட் (கேரக்டர் டிவைஸைக் கர்னலில் சேர்ப்பது) கூப்பிடு, டிவைஸ்_கிரியேட் கூப்பிடு, சிஸ்எஃப்எஸ் (டிவைஸின் அமைப்புகளை ஃபைல்களாகக் காட்டும் இடம்) ஃபைல்களை உருவாக்கு, டிரைவர் டேட்டாவைப் பொருத்து, சிப்பை ரீசெட் செய், இண்டரப்ட்டைக் கேள். படிக்கும்போது ஒழுங்காகத்தான் தெரியும்.

ஆனால் சிடெவ்_ஆட் வேலையை முடித்த நொடியிலேயே டிவைஸ் உயிரோடு இருக்கிறது. பழைய நோட் (டிவைஸைத் திறக்க உதவும் சிறப்பு ஃபைல்) ஒன்று டெவ் அடைவில் கிடந்தால், அந்தக் கணமே யாரும் திறக்கலாம். டிவைஸ்_கிரியேட் உள்ளே போனால் டிவைஸ்_ஆட் வருகிறது. அது முதலில் சிஸ்எஃப்எஸ் அடைவை உருவாக்கும், பிறகு டெவ்டிஎம்பிஎஃப்எஸ் வழியாக நோட்டை உருவாக்கும், அப்புறம் யூஈவென்ட்டை (டிவைஸ் வந்துவிட்டது என்ற அறிவிப்பை) வெளியே அனுப்பும். யூடெவ் அதைக் கேட்டு விதியை ஓட்டும், சர்வீஸ் எழுந்து ஓப்பன் செய்யும். நீங்கள் இன்னும் டிரைவர் டேட்டாவைப் பொருத்தும் வரிக்கே வந்திருக்க மாட்டீர்கள்.

தராசு வைப்பதற்கு முன்னால் மாங்காய் மண்டி ஷட்டரைத் தூக்கிவிட்ட கதைதான் இது. வண்டிகள் உள்ளே வந்த பிறகு "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்ல கர்னலில் ஆள் கிடையாது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கே கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: "அண்ணா, ஓப்பனிலும் ப்ரோப்பிலும் ஒரு மியூடெக்ஸ் போட்டா போதாதா?" போதாது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கும் பூட்டான அந்த மியூடெக்ஸ் எந்த ஸ்ட்ரக்ட்டுக்குள் இருக்கிறதோ, அதன் பாயிண்டரே இன்னும் பொருத்தப்படவில்லை என்றால் எதைப் பூட்டுவது? பதிவு நேரத்து ரேஸ்களில் பெரும்பகுதிக்கு மருந்து வரிசைதான். லாக் தேவைப்படுவது பிறகு, முக்கியமாக டிவைஸை அகற்றும்போது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் லாக்குக்கு மேல் லாக் போட்டு டெட்லாக்கில் (ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பதில்) போய் மாட்டுகிறார்கள்.

படி 1: கதவுகளைப் பட்டியலிடுங்கள்

கோடைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில், வெளியாள் உங்கள் டிரைவருக்குள் நுழையக்கூடிய வழிகளை எழுதுங்கள். கூழ் டிரைவருக்கு: கேரக்டர் டிவைஸ், சிஸ்எஃப்எஸ் ஃபைல்கள், இண்டரப்ட், டைமர், வொர்க்க்யூ (பின்னணியில் ஓட வேண்டிய வேலைகளின் வரிசை). நெட்வொர்க், இன்புட், ஹெச்டபிள்யூமான் போன்ற துணை அமைப்பில் பதிவு செய்தால் அதுவும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் எதிரே, அது திறந்தால் எந்தெந்த ஃபீல்டுகள் தொடப்படும் என்று குறியுங்கள். அந்த ஃபீல்டுகள் தயாராகும் வரை கதவு திறக்கக் கூடாது. மற்ற படிகள் எல்லாம் இந்தத் தாளிலிருந்துதான் வருகின்றன.

படி 2: பிறரை நம்பியிருக்கும் பொருள்களை முதலில் வாங்குங்கள்

கிளாக், ரெகுலேட்டர், ஜிபிஐஓ எல்லாம் வேறு டிரைவர்கள் தருபவை. அவை இன்னும் வராவிட்டால் ப்ரோப் "பிறகு முயற்சி செய்" என்ற ஈப்ரோப்_டிஃபர் பிழையைத் திருப்ப வேண்டும். 2012-இல் வந்த 3.4 கர்னலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இந்தப் பிழை வரக்கூடிய வரிகள் அனைத்தும் ப்ரோப்பின் தலைப்பகுதியில் இருக்கட்டும். குழந்தை டிவைஸ்களைப் பதிவு செய்துவிட்டு அதன் பிறகு டிஃபர் செய்தால், அந்தக் குழந்தையின் பதிவே தள்ளிவைத்த ப்ரோப்களை மீண்டும் கிளப்பிவிட்டு, முடிவில்லாத சுழலில் கொண்டுபோய் விடலாம். கர்னல் ஆவணமே இதை எச்சரிக்கிறது.

படி 3: உள்நிலை முழுவதையும் தயார் செய்யுங்கள்

மியூடெக்ஸ், ஸ்பின்லாக், வெய்ட்க்யூ, வொர்க், டைமர், பஃபர் எல்லாவற்றையும் இங்கேயே தொடங்கிவைத்துவிட வேண்டும். சிப்பை ரீசெட் செய்து, அதன் இண்டரப்ட் மூலத்தை சிப்பின் ரிஜிஸ்டரிலேயே மூடிவையுங்கள்.

மியூடெக்ஸை இனிஷியலைஸ் செய்ய மறந்தால் உடனே வெடிக்கும் என்று நினைக்காதீர்கள். பூஜ்யம் நிரப்பிய நினைவகத்தில் இருக்கும் மியூடெக்ஸ், போட்டி இல்லாதவரை சரியாகவே பூட்டும், திறக்கும். ஓனர் ஃபீல்டு பூஜ்யம் என்றால் "யாரும் பிடிக்கவில்லை" என்று பொருள். இரண்டாவது ஆள் வந்து காத்திருப்போர் பட்டியலில் சேர முயலும்போதுதான், அந்தப் பட்டியலின் தலை நல் என்பது தெரிய வரும். அதாவது தனியாகச் சோதித்தால் தேறும், கூட்டத்தில் விழும். லாக்டெப் (லாக் பிழைகளைத் தேடும் கர்னல் கருவி) ஓடும் சோதனைக் கர்னல் இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவும்.

படி 4: எண் ஒதுக்கீடு

ஒரே டிரைவருக்கு இரண்டு சிப் இருந்தால் இரண்டு ப்ரோப். ஒரே டிவைஸுக்கு ப்ரோப் இருமுறை ஒரே நேரத்தில் ஓடாது. டிவைஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் டிரைவர் கோர் அதைக் கூப்பிடுகிறது. ஆனால் இரண்டு தனித்தனி டிவைஸ்களுக்கு இணையாக ஓடலாம், குறிப்பாக அசிங்க்ரனஸ் ப்ரோப் கேட்டிருந்தால். அப்போது குளோபல் எண் ஒன்றை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் உதைக்கும்: இருவரும் ஒரே எண்ணைப் படித்து, இருவரும் கூழ்1 ஆக முயல்வார்கள். சிஸ்எஃப்எஸ் இரட்டைப் பெயர் என்று கத்தும்.

எண் ஒதுக்கித் தரும் ஐடிஏ_அலாக் பயன்படுத்துங்கள், உள்ளே லாக் அதற்கே உண்டு. எண்ணைத் திருப்பிக் கொடுப்பதை ரிமூவில் (டிவைஸ் அகலும்போது ஓடும் ஃபங்ஷன்) செய்யாமல் ரிலீஸ் கால்பேக்கில் (கடைசி ரெஃபரன்ஸும் போன பிறகு ஓடுவது) செய்யுங்கள். பழைய ஃபைலை யாரோ திறந்து வைத்திருக்கும்போதே அதே எண் புதிய சிப்புக்குப் போனால், அடுத்த குழப்பம் அங்கே தொடங்கும்.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று: "ஒருவர் மட்டுமே திறக்கலாம்" என்ற விதி. பிஸி என்ற கொடியைப் பார்த்துவிட்டு, பிறகு அதை ஏற்றினால் நடுவில் இன்னொருவர் நுழைவார். பார்ப்பதும் ஏற்றுவதும் ஒரே செயலாக இருக்க டெஸ்ட்_அண்ட்_செட்_பிட் போதும்.

படி 5: இண்டரப்ட்

ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்புவதற்கு முன்பே உங்கள் ஹேண்ட்லர் ஓடக்கூடும். பூட்லோடர் சிப்பைத் தொட்டுவிட்டு இண்டரப்ட் கம்பியை இழுத்த நிலையிலேயே விட்டுப்போனால் இது நிச்சயம். பலரும் பகிரும் கம்பி என்றால், பக்கத்துச் சிப் அடித்தாலும் உங்கள் ஹேண்ட்லர் எழும். "என்னுடையது இல்லை" என்று சொல்லவாவது அதற்கு ரிஜிஸ்டர் முகவரி தெரிந்திருக்க வேண்டும். அதனால் இது படி 3-க்கு முன்னால் வரவே கூடாது.

ஏதோ காரணத்தால் முன்கூட்டியே கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், தானாக இயங்காதே என்ற நோ_ஆட்டோஎன் கொடியைக் கொடுத்துவிட்டு, தயாரான பிறகு எனேபிள்_ஐஆர்க்யூ சொல்லலாம். பகிரப்பட்ட கம்பிக்கு அந்தக் கொடி செல்லாது.

ஹேண்ட்லரும் ரீட் ஃபங்ஷனும் ஒரே பஃபரைத் தொட்டால், ரீட் பக்கத்தில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் போடுங்கள். சாதாரண ஸ்பின்_லாக் போட்டால், அதே கோரில் இண்டரப்ட் வந்து அதே லாக்குக்காகச் சுற்றும். வெளியே வழியில்லை.

படி 6: சிஸ்எஃப்எஸ் ஃபைல்களைத் தனியாக உருவாக்காதீர்கள்

டிவைஸ் பதிவான பிறகு டிவைஸ்_கிரியேட்_ஃபைல் கூப்பிட்டு ஒவ்வொன்றாக ஃபைல் சேர்ப்பது இன்னும் பல டிரைவர்களில் இருக்கிறது. இதில் ஊப்ஸ் வராது. அதைவிட எரிச்சலான ஒன்று வரும். யூஈவென்ட் ஏற்கெனவே போய்விட்டது. யூடெவ் விதி "அளவீட்டு இடைவெளி" ஃபைலில் எழுத முயலும்போது அந்த ஃபைல் இல்லை. விதி சத்தமில்லாமல் தோற்கும். கருவி ஓடும், ஆனால் தவறான இடைவெளியில். ஆலையில் இதை யாராவது கவனிக்கவே வாரக்கணக்காகலாம்.

அட்ரிப்யூட் குழுவாகக் கட்டி, டிவைஸின் குரூப்ஸ் பாயிண்டரிலோ கிளாஸின் டெவ்_குரூப்ஸிலோ பதிவுக்கு முன்பே வைத்துவிடுங்கள். டிவைஸ்_ஆட் அவற்றை யூஈவென்ட்டுக்கு முன் உருவாக்கும். டிரைவர் ஸ்ட்ரக்ட்டிலும் டெவ்_குரூப்ஸ் உண்டு (5.4 கர்னல் முதல்). அது ப்ரோப் வெற்றி பெற்ற பிறகு ஐ2சி டிவைஸின் அடைவில் ஃபைல்களை உருவாக்கும். உங்கள் கூழ்0 அடைவில் அல்ல. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு தேடுகிறவர்கள் உண்டு.

டிவைஸ்_கிரியேட்டையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் டிரைவர் டேட்டாவை அதன் வாதமாகவே கொடுங்கள். அடுத்த வரியில் டெவ்_செட்_டிரைவ்டேட்டா என்றால், அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஒருவர் ஃபைலைப் படித்து நல்லைத் தொட்டுவிடுவார்.

படி 7: கடைசியில் பதிவு

இப்போதுதான் ஷட்டர். நான் பரிந்துரைக்கும் வடிவம் இது. உங்கள் நிலை ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே டிவைஸையும் சிடெவ்வையும் வையுங்கள். டிவைஸ்_இனிஷியலைஸ் கூப்பிட்டு, ரிலீஸ் கால்பேக், கிளாஸ், பெற்றோர், எண், பெயர் எல்லாம் நிரப்புங்கள். சிடெவ்_இனிட் செய்து ஓனராக இந்த மாட்யூலைக் குறியுங்கள். பிறகு ஒரே அழைப்பு: சிடெவ்_டிவைஸ்_ஆட்.

2017-இல் 4.12 கர்னலில் வந்த இந்த ஃபங்ஷன், சிடெவ்வையும் டிவைஸையும் சேர்த்தே பதிவு செய்கிறது. அதைவிட முக்கியம், சிடெவ்வுக்குப் பெற்றோராக டிவைஸை ஆக்குகிறது. ஃபைல் திறந்திருக்கும் வரை டிவைஸின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யமாகாது. எனவே ஸ்ட்ரக்ட்டும் விடுவிக்கப்படாது. பழைய இரட்டை அழைப்பில் இந்தப் பிணைப்பைக் கையால் செய்ய வேண்டும், பலரும் செய்வதில்லை.

இரண்டு நிபந்தனைகள். ஒன்று, டிவைஸ்_இனிஷியலைஸ் நடந்த பிறகு எந்தத் தோல்வியிலும் கேஃப்ரீ (நினைவகத்தை நேரடியாக விடுவிப்பது) கூடாது, புட்_டிவைஸ் (ரெஃபரன்ஸை விடுவது) மட்டுமே. டிவைஸ்_ஆட் தோற்றாலும் இதே கதைதான். வேறு யாராவது அதற்குள் ரெஃபரன்ஸ் எடுத்திருக்கலாம், பெயருக்கு ஒதுக்கிய நினைவகமும் கசியும். இரண்டு, இந்த அழைப்புக்குப் பிறகு தோற்கக்கூடிய வரி எதுவும் இருக்கக் கூடாது. திறந்த கதவை உடனே மூடுவது முழு ரிமூவ் வேலை. அதை எரர் பாதையில் சரியாக எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ரிஜிஸ்டர்_நெட்டெவ், இன்புட்_ரிஜிஸ்டர்_டிவைஸ், மிஸ்க்_ரிஜிஸ்டர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். அழைப்பு உங்களிடம் திரும்பும் முன்பே ஓப்பன் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

படி 8: அகற்றுதல்

உண்மையான கஷ்டம் இங்கேதான். இதே கருவியின் யூஎஸ்பி வடிவத்தை நினைத்துப் பாருங்கள். சீசன் உச்சத்தில், பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து நிற்கும்போது கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் எடுக்கிறது. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்க, யூஎஸ்பி ஹப் மட்டும் அணைந்து எழுகிறது. டிவைஸ் போய்த் திரும்ப வருகிறது. சர்வீஸோ பழைய ஃபைலைத் திறந்தபடியே ரீடில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

சிடெவ்_டிவைஸ்_டெல் புதிதாகத் திறப்பதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே திறந்தவர்கள் ரீட், ஐஆக்டில் எல்லாம் தொடர்ந்து கூப்பிடலாம். ஓனரைக் குறித்தால் ஃபைல் திறந்திருக்கும்போது மாட்யூலை இறக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கம்பியைப் பிடுங்குவதையும், சிஸ்எஃப்எஸ் வழியாக அன்பைண்ட் செய்வதையும் அது தடுக்காது.

நான் கடைப்பிடிக்கும் வரிசை:

1. சிடெவ்_டிவைஸ்_டெல். புது ஆள் வரவு நின்றது.
2. மியூடெக்ஸைப் பிடித்து "போய்விட்டது" என்ற கொடியை ஏற்றி, விடுவது.
3. வெய்ட்க்யூவில் தூங்குபவர்களை எழுப்புவது. அவர்கள் காத்திருக்கும் நிபந்தனையில் அந்தக் கொடியும் இருக்க வேண்டும். எழுந்ததும் ஈநோடெவ் (டிவைஸ் இல்லை என்ற பிழை) திருப்ப வேண்டும்.
4. சிப் இன்னும் இருக்கிறது என்றால் அதன் இண்டரப்ட்டை மூடி, ஃப்ரீ_ஐஆர்க்யூ. ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை அது காத்திருக்கும்.
5. டைமர்_ஷட்டவுன்_சிங்க், பிறகு கேன்சல்_வொர்க்_சிங்க்.
6. புட்_டிவைஸ். நினைவகத்தை ரிலீஸ் கால்பேக் பார்த்துக்கொள்ளும்.

இதில் இரண்டாவது வரி பார்க்க எளிது, ஆனால் அதிகம் தவறாக எழுதப்படுவது அதுதான். ரீட் ஃபங்ஷன் மியூடெக்ஸைப் பிடித்து, கொடியைப் பார்த்து, மியூடெக்ஸை விட்டுவிட்டு, அப்புறம் சிப்பைத் தொட்டால் எந்தப் பயனும் இல்லை. பார்ப்பதும் தொடுவதும் ஒரே பிடியில் நடக்க வேண்டும். பல ரீடர்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமென்றால் மியூடெக்ஸுக்குப் பதில் ரீட்-ரைட் செமஃபோர் போட்டு, ரிமூவ் மட்டும் ரைட் பக்கம் பிடிக்கலாம்.

ஐந்தாவது வரியில் டைமர் வொர்க்கைக் கிளப்பும், வொர்க் டைமரை மறுபடி வைக்கும் என்ற வட்டம் இருந்தால், பழைய டெல்_டைமர்_சிங்க் ஏமாற்றும்: நிறுத்திய டைமரை வொர்க் உயிர்ப்பித்துவிடும். 6.2 கர்னலில் வந்த ஷட்டவுன் வடிவம் அதை மறுபடி வைக்கவே விடாது. எந்தச் சிங்க் அழைப்பையும், அந்த வொர்க் பிடிக்கும் அதே மியூடெக்ஸைப் பிடித்தபடி கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் நிற்பார்கள்.

இனி டெவ்எம் பற்றி. தானாக விடுவிக்கும் அந்த ஃபங்ஷன்கள் வசதியானவைதான், ஆனால் இரண்டு இடங்களில் காலை வாரும். முதலாவது, நிலை ஸ்ட்ரக்ட்டை டெவ்எம்மில் ஒதுக்கினால், ரிமூவ் முடிந்தவுடன் அது விடுவிக்கப்படும். ஃபைல் திறந்திருக்கிறதா என்று அது பார்க்காது. ஃபைல் வழியாக எட்டக்கூடிய எதையும் சாதாரணமாக ஒதுக்கி, ரிலீஸில் விடுவியுங்கள். இரண்டாவது, டெவ்எம்மில் கேட்ட இண்டரப்ட் உங்கள் ரிமூவ் ஃபங்ஷன் திரும்பிய பிறகுதான் விடுபடும். ரிமூவில் நீங்கள் கையால் வொர்க்க்யூவை அழித்திருந்தால், அந்த இடைவெளியில் ஒரு இண்டரப்ட் வந்து அழிந்த க்யூவில் வேலையைப் போடும். டெவ்எம்மையும் கையையும் கலந்தால் வரிசை கெடும். ஒன்று முழுக்க டெவ்எம், அப்போது வொர்க்க்யூ அழிப்பையும் டெவ்எம்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட் வழியாக, இண்டரப்ட்டைக் கேட்பதற்கு முன்பே அடுக்கில் சேர்த்துவிடுங்கள். கடைசியில் சேர்ந்தது முதலில் அவிழும். இல்லாவிட்டால் முழுக்கக் கை.

படி 9: ரேஸை வலிய வரவழைத்துச் சோதியுங்கள்

இயல்பாக வரட்டும் என்று காத்திருந்தால் சீசன் முடிந்துவிடும். ஓட்டையை அகலமாக்குங்கள். சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு நடுவே எம்ஸ்லீப் போட்டு இரண்டு நொடி தூங்கவிடுங்கள். அந்த நேரத்தில் இன்னொரு டெர்மினலில் ஃபைலைத் திறங்கள். இந்த எளிய உத்தி பிடிக்கும் அளவுக்கு விலையுயர்ந்த கருவிகள் பிடிப்பதில்லை என்பது என் கருத்து.

அப்புறம் நான்கு கோர் கொடுத்த கெமு மெய்நிகர் இயந்திரத்தில், ஒரு ஸ்கிரிப்ட் பைண்ட், அன்பைண்ட் என்று மாறி மாறி எழுதிக்கொண்டே இருக்கட்டும். இன்னொன்று திற, படி, மூடு என்று ஓடட்டும். இரவு ஓடவிட்டு வீட்டுக்குப் போகலாம். போர்டே இல்லாத கல்லூரி மாணவருக்கும் இது முடியும். பர்கூரிலோ தருமபுரியிலோ விடுதியில் இருக்கும் சாதாரண லேப்டாப் போதும்.

கர்னல் கட்டும்போது போட வேண்டிய தேர்வுகள்: கேஸான் (4.0 முதல்) விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் சொல்லும். லாக்டெப் (2.6.18 முதல்) லாக்குகளை எடுக்கும் வரிசை முரண்பட்டால், டெட்லாக் உண்மையில் நடக்காவிட்டாலும் சொல்லும். கேசிஸான் (5.8 முதல்) லாக் இல்லாமல் இருவர் ஒரே இடத்தைத் தொடுவதைக் காட்டும். ஆனால் யூடெவ் முந்திக்கொண்டு திறப்பது போன்ற வரிசைத் தவறை அது பிடிக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். அங்கே தொடுவது எல்லாம் லாக்கோடு ஒழுங்காகவே நடந்திருக்கலாம், நேரம்தான் தவறு. டீபக்_எஸ்ஹெச்ஐஆர்க்யூ, பகிரப்பட்ட இண்டரப்ட்டை விடுவிக்கும்போது ஹேண்ட்லரை ஒருமுறை பொய்யாகக் கூப்பிட்டுப் பார்க்கும். படி 8-இல் வரிசையை மாற்றியவர்கள் அங்கேயே மாட்டுவார்கள். டீபக்_கேஆப்ஜெக்ட்_ரிலீஸ், ரிலீஸை வேண்டுமென்றே தாமதப்படுத்தும். டீபக்_டெஸ்ட்_டிரைவர்_ரிமூவ், ஒவ்வொரு டிரைவரையும் ப்ரோப் செய்து, அகற்றி, மறுபடி ப்ரோப் செய்யும்.

இந்தச் சோதனைக் கர்னலை அப்படியே கார்டில் ஏற்றி ஆலைக்கு அனுப்ப வேண்டாம். கேஸான் நினைவகத்தைத் தின்னும், சின்ன போர்டு திணறும். கடைசியாகச் சொன்ன தேர்வு ஒவ்வொரு பூட்டிலும் எல்லா டிரைவரையும் ஒருமுறை கழற்றி மாட்டும். அகற்றுவதைத் தாங்காத வேறு யாருடைய டிரைவரோ அதில் விழுந்தால், அந்தப் பழியும் உங்கள் கூழ் மேல்தான் வரும். சோதனைக்கு ஒரு கட்டமைப்பு ஃபைல், அனுப்புவதற்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்து, ஃபைலின் பெயரிலேயே அதைக் குறித்துவிடுங்கள்.